இடைப்பட்ட மலை

இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தொலைவு என்று அட்டவணைகள் தரும் எண், எவரும் நடந்தோ பறந்தோ அளந்து கண்ட எண் அன்று. நிலவுருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளைக் குறித்து, அப்புள்ளிகளையும் உருண்டையின் மையத்தையும் தொட்டுச் செல்லும் ஒரு தளத்தால் உருண்டையை வெட்டினால் கிடைக்கும் பெருவட்டத்தில், அவ்விரு புள்ளிகளுக்கு நடுவே விழும் குறுகிய வில்லின் நீளத்தையே அது குறிக்கிறது. சென்னை மீனம்பாக்கத்துக்கும் பெங்களூரின் கெம்பேகௌடா விமான நிலையத்துக்கும் இடையே அந்த வில் ஏறத்தாழ 268 கி.மீ.; மீனம்பாக்கத்துக்கும் கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கும் இடையே ஏறத்தாழ 404 கி.மீ. ஒரே இடத்தில் தொடங்கி மேற்கு நோக்கி விரிந்து செல்லும் இவ்விரு கோடுகளுக்கும் நடுவே, திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடப்பது ஜவ்வாது மலை.

அம்மலையில் காவலூரிலுள்ள வைணு பாப்பு வானாய்வகத்திலிருந்து மீனம்பாக்கம் நேர்கோட்டில் சுமார் 153 கி.மீ., பெங்களூர் விமான நிலையம் சுமார் 140 கி.மீ. என்பதால், சென்னையில் எழும் விமானம் காவலூருக்கு நேர் மேலாக வளைந்து சென்று பெங்களூரை அடைந்தாலும் பாதை 25 கி.மீ. அளவே கூடும், உயரத்தில் பறக்கும் வேகத்தில் அது இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரம். இத்தனை அருகில் கிடந்தும் இம்மலையின் ஊர் ஒன்றுகூட அந்த எண்களுக்குள் வருவதில்லை. தொலைவு என்பது இரண்டு முனைகளுக்கு உரியதா, முனைகளுக்கு நடுவே கிடப்பவற்றுக்கு உரியதா, கடந்து செல்பவருக்கு உரியதா என்னும் கேள்வியை இந்திய மெய்யியல் மிகப் பழங்காலத்திலேயே எழுப்பியது. அக்கேள்விக்கு அது தேடிய விடைகளை இந்த மலையை மனத்தில் வைத்துக்கொண்டு மறுபடியும் படிப்பது பயன் தரும்.

இக்கேள்வியை மிக நுணுக்கமாக எடுத்துக்கொண்டவர்கள் வைசேடிகர். உலகில் உள்ளவற்றைப் பொருள், பண்பு, செயல் என்றவாறு வகைப்படுத்தி ஆராய்ந்த இம்மரபு, நிலம், நீர், தீ, காற்று, விசும்பு, காலம், திசை, ஆன்மா, மனம் என்னும் ஒன்பதையும் பொருள்களாகக் கொண்டது. இங்கே திசை என்பது கிழக்கு மேற்கு மட்டுமன்று; இடத்தால் 'இங்கே', 'அங்கே' என்று சொல்வதற்கு அடிப்படையாய் நிற்கும் ஒரே பரந்த பொருள். ஆனால் சேய்மையும் அண்மையும், அவர்கள் சொற்களில் பரத்துவமும் அபரத்துவமும், அப்பொருளிலேயே என்றும் உறைந்திருப்பவை அல்ல; அவை பண்புகள், அதிலும் தோன்றி மறையும் பண்புகள். பாடலிபுத்திரத்தில் நிற்பவனுக்குக் காசியைவிடப் பிரயாகை தொலைவில் இருப்பது ஏன் என்பது நியாய வைசேடிக நூலோர் வழக்கமாகக் காட்டும் எடுத்துக்காட்டு. நிற்பவனுக்கும் பிரயாகைக்கும் நடுவே ஒன்றோடொன்று தொட்டு நிற்கும் பொருள்களின் சேர்க்கைகள் மிகுதி, அவனுக்கும் காசிக்கும் நடுவே அவை குறைவு. அந்த மிகுதியையும் குறைவையும் ஒப்பிட்டு அறியும் அறிவு, அதாவது அபேட்சா புத்தி, எழும்போதுதான் சேய்மை பிறக்கிறது என்று அவர்கள் விடை கூறினர். தொலைவுக்கு இரண்டு காரணங்கள் வேண்டும் என்பது இதன் பொருள்: நடுவே கிடப்பவை வேண்டும், அவற்றை எண்ணும் ஓர் அறிவும் வேண்டும்.

இவ்விளக்கத்தின் ஆழம் அதன் எளிமையில் மறைந்திருக்கிறது. பெருவட்ட வில்லைக் கணக்கிடுபவர்க்கு நடுவே என்ன கிடக்கிறது என்பது வேண்டியதில்லை. இரு முனைகளின் அகலாங்கும் நெட்டாங்கும் கிடைத்தால் போதும், நடுவே கடல் கிடந்தாலும் காடு கிடந்தாலும் விடை மாறாது. வைசேடிகருக்கோ நடுவே கிடப்பவற்றை விட்டுவிட்டால் தொலைவு என்னும் சொல்லுக்கே பொருள் இல்லை. அவர்கள் கணக்கில் ஜவ்வாது மலை தொலைவின் வழியில் குறுக்கிடும் தடை அன்று, தொலைவை உண்டாக்கும் பொருள்களில் ஒன்று. விமானம் செல்வது காற்றின் வழியாகத்தானே, மலையைத் தொடாமல் செல்லும் அதற்கு மலை எப்படி நடுவே கிடப்பதாகும் என்று மறுப்பவர் கேட்கலாம். நேர்மையான கேள்வி அது. காற்றும் ஒன்பது பொருள்களில் ஒன்றே ஆகையால் விமானத்துக்கும் அதற்கே உரிய நடு உண்டு என்பதுதான் அதற்கு விடை, அந்த நடு தன்னைக் காட்டிக்கொள்ளும் இடம் பயண நேரம்.

மணிக்கு 800 கி.மீ. வேகத்தில் 268 கி.மீ.யைக் கடக்க 20 நிமிடம் போதும் என்று கணக்குச் சொல்கிறது. ஆயினும் சென்னை–பெங்களூர்ப் பயணத்துக்கு விமான நிறுவனங்கள் அட்டவணையில் ஒதுக்குவது ஏறத்தாழ ஒரு மணி நேரம். நின்றிருக்கும் விமானத்தின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் வைக்கும் தடுப்புக் கட்டைகளை எடுத்தது முதல், சென்று சேர்ந்த இடத்தில் அவற்றை மறுபடியும் வைப்பது வரையிலான நேரமே அட்டவணை நேரம் என்பதால், ஓடுதளம் வரை ஊர்தல், முறைக்காகக் காத்தல், மெல்ல மேலேறுதல், இறங்கும் வரிசையில் சேர்தல் எல்லாம் அதற்குள் அடங்கும். காற்று எதிர்த்தால் நேரம் கூடும், பின்னிருந்து தள்ளினால் குறையும். சென்னையிலிருந்து லண்டன் செல்லும் விமானம் திரும்பி வரும் விமானத்தைவிடக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்வது இதனால்தான். தொலைவு இருபுறமும் ஒன்றே, நேரம் இருபுறமும் ஒன்றன்று. மலைப்பாதையில் நடப்பவர்க்கு இதில் புதுமை ஏதுமில்லை. ஏறும் வழியும் இறங்கும் வழியும் ஒரே ஒற்றையடிப் பாதையாக இருந்தும், தலையில் சாமை மூட்டையோடு ஏறுபவருக்கும் கைவீசி இறங்குபவருக்கும் அது ஒரே தூரமாக இருந்ததில்லை.

தூரத்தை நேரத்தால் சொல்வது கல்லாதவர் வழக்கு, நீளத்தால் சொல்வதே அறிவியல் என்று கருதும் பழக்கம் ஒன்று பள்ளிப் படிப்போடு வந்து சேர்ந்திருக்கிறது. நாழிகை என்பது 24 நிமிடம். ஒரு நாழிகையில் நடந்து கடக்கும் தூரம் நாழிகை வழி. கூப்பிடு தூரம் குரலால் அளந்தது, கல்லெறி தூரம் கையால் அளந்தது, கண்ணுக்கெட்டும் தூரம் பார்வையால் அளந்தது. உடம்பையே அளவுகோலாகக் கொண்ட இச்சொற்களைத் துல்லியம் அற்றவை என்று ஒதுக்குபவர்கள், அறிவியலே இதற்குள் எங்கே வந்து சேர்ந்திருக்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 1983ஆம் ஆண்டு முதல், மீட்டர் என்பது வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடியின் 299,792,458இல் ஒரு பங்கு நேரத்தில் செல்லும் தூரம் என்றே வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதாவது, உலகம் ஏற்றுக்கொண்ட நீள அலகே ஒரு பயண நேரம். தரையிலுள்ள நிலையத்திலிருந்து தான் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்பதை விமானம் அறிந்துகொள்வதும், அனுப்பிய வானொலித் துடிப்புக்கு மறுமொழி வந்து சேர எவ்வளவு நேரம் ஆனது என்பதைக் கொண்டுதான். கூப்பிட்டு மறுகுரல் கேட்கும் மலைவாசியின் முறைக்கும் இதற்கும் அமைப்பில் வேறுபாடு இல்லை.

இந்த ஒற்றுமை ஜவ்வாது மலையில் கண்ணெதிரே நிற்கிறது. 1960களில் வானியலாளர் வைணு பாப்பு இருண்ட, தெளிந்த வானம் தேடிக் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். 1972இல் அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி செயல்படத் தொடங்கியது, 1986 ஜனவரியில் 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரால் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அத்தொலைநோக்கியை இயக்குபவர்கள் விண்மீன்களின் தொலைவை ஒளியாண்டில் சொல்கிறார்கள்; ஒளியாண்டு என்பது ஓராண்டில் ஒளி கடக்கும் தூரம், ஏறத்தாழ 9.46 லட்சம் கோடி கி.மீ. அடுத்த ஊர் அரைநாள் வழி என்று சொல்லும் மலைக் கிழவியும், அந்த விண்மீன் இத்தனை ஒளியாண்டு தொலைவு என்று சொல்லும் வானியலாளரும், ஒரே மலையில் நின்று ஒரே இலக்கணத்தில் பேசுகிறார்கள். இருவர் கூற்றிலும் கடந்து செல்வது எது என்பது சொல்லப்பட்டுவிடுகிறது: ஒன்றில் மனிதக் கால்கள், மற்றொன்றில் ஒளி. 268 கி.மீ. என்னும் எண்ணில் மட்டும் கடப்பவர் எவரும் இல்லை.

கடப்பவர் இல்லாத கடத்தல் எப்படி இருக்கும் என்பதைத் தமிழில் முதலில் சிந்தித்த காப்பியம் மணிமேகலை என்று சொல்வது மிகையாகாது. புகாரின் உவவனத்தில் உறங்கிய மணிமேகலையை மணிமேகலா தெய்வம் எடுத்துக்கொண்டு வான்வழியே முப்பது யோசனை தெற்கே சென்று மணிபல்லவத் தீவில் விடுகிறது. அந்த முப்பது யோசனையை அறிந்தவர் காப்பியத்தைக் கேட்பவரே, கடந்தவள் அறியவில்லை. விழித்தவுடன் தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் அவள் கலங்குவதும், அறிந்த முகங்களைத் தேடுவதும், நடு இல்லாத பயணம் ஒருவரை எந்த நிலையில் கொண்டுபோய் விடும் என்பதன் நுட்பமான சித்திரங்கள். பின்னர் அத்தெய்வத்திடம் அவள் பெறும் மந்திரங்கள் மூன்று: வேற்றுருக் கொள்வது, வானில் இயங்குவது, பசி தாங்குவது. அம்மூன்றும் ஒருங்கே தரப்பட்டிருப்பதைத் தற்செயல் என்று எண்ணத் தோன்றவில்லை. பறக்கும் ஆற்றல் பெற்றவள் அதைக் கொண்டு சென்று இறங்கும் இடங்களில் முதன்மையானது பஞ்சம் சூழ்ந்த காஞ்சி மாநகர்; அங்கே அமுதசுரபியிலிருந்து அவள் சோறு வழங்குகிறாள். அதே காப்பியத்தில், காஞ்சிக்குச் செல்லுமுன் வஞ்சியில் அவள் பல சமயத்தார் கொள்கைகளைக் கேட்கும்போது, வைசேடிகவாதியும் தன் கொள்கையை விரித்துரைக்கிறான். பறத்தலும், தொலைவைப் பற்றி மிக நுணுகி ஆராய்ந்த தத்துவமும், பசித்தவர் இருக்கும் ஊரும் ஒரே கதையில் அடுத்தடுத்து நிற்கின்றன.

காஞ்சிபுரம் இங்கே மற்றொரு காரணத்தாலும் நினைவுக்கு வர வேண்டிய ஊர். ஜவ்வாது மலையில் பெருந்தொகையாய் வாழும் மலையாளிப் பழங்குடியினர், கேரளத்தோடு தொடர்பின்றித் தமிழ் பேசும் மலைமக்கள், தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு மலையேறியவர்கள் என்னும் மரபுக்கதையை வழிவழியாகச் சொல்லிவருகிறார்கள். வரலாறாக அதை எந்த அளவுக்கு ஏற்பது என்பது வேறு ஆய்வு. காஞ்சியும் மேலே கண்ட இரு வான்கோடுகளுக்கு நடுவேதான் கிடக்கிறது. விமானத்தில் சில நிமிடங்களில் கழிந்துபோகும் அந்த நிலப்பரப்பு, ஓர் இனக்குழுவின் நினைவில் தன்னைத் தானாக ஆக்கிய பயணமாக நிலைத்திருக்கிறது. புறப்பட்டவர்களும் சென்று சேர்ந்தவர்களும் வேறு வேறு மக்கள் என்று அக்கதை கருதுவதாகவே தோன்றுகிறது. நகரத்தார் மலைமக்கள் ஆனது வழியில்தான்.

வழியைச் சொல்வதையே ஓர் இலக்கிய வகையாக வளர்த்த மொழி தமிழ் என்பதும், அவ்வகையின் மிகச் சிறந்த நூல்களில் ஒன்று இந்த மலையடிவாரத்துக்கே உரியது என்பதும் இவ்விடத்தில் சொல்லாமல் விடக்கூடாதவை. பத்துப்பாட்டில் ஒன்றாகிய மலைபடுகடாம், பெருங்கௌசிகனார் பாடிய 583 அடிகள் கொண்ட ஆற்றுப்படை. அதன் தலைவன் பல்குன்றக் கோட்டத்துச் செங்கண்மாவை, இன்றைய செங்கத்தை, ஆண்ட நன்னன். பரிசில் பெற்று மீளும் கூத்தன் எதிர்ப்பட்ட கூத்தர் கூட்டத்துக்கு நன்னனிடம் செல்லும் வழியைச் சொல்வதே நூலின் பொருள், ஆனால் அவன் தூரத்தை எண்ணால் சொல்லி முடித்துவிடுவதில்லை. காட்டுப் பன்றிக்கு வைத்த பொறிகள் எங்கே, பாம்பு கிடக்கும் குழிகள் எங்கே, தினைப்புனக் காவலர் எறியும் கவண்கல் எந்தப் பக்கத்திலிருந்து வரும், வழுக்கும் பாறையில் எதைப் பற்றிக்கொண்டு ஏற வேண்டும், இருட்டினால் எங்கே தங்க வேண்டும், எந்தச் சிற்றூரில் என்ன உணவு கிடைக்கும் என்றெல்லாம் வழியை அதன் பொருள்களால் நிறைத்துச் சொல்கிறான். ஜவ்வாது மலையில் தோன்றும் சேயாறும் அந்த வழியில் வருகிறது. வைசேடிகர் சேர்க்கைகளின் மிகுதி என்று தருக்க மொழியில் சொன்னதை இக்கூத்தன் சேர்க்கை சேர்க்கையாக எண்ணிக் காட்டுகிறான் என்றே கொள்ளலாம். அவன் சொல்லைக் கேட்டு முடித்தவனுக்கு நன்னனின் ஊர் எவ்வளவு தொலைவு என்பது தெரிந்துவிடுகிறது, எண் தெரியாமலேயே.

சமய மரபு இக்கேள்வியை மேலும் கடுமையாக்குகிறது. தீர்த்த யாத்திரை செல்பவர் வாகனத்தில் செல்வதால் பயன் கெடும் என்று மச்ச புராணத்தின் பிரயாகைப் பகுதி எச்சரிக்கிறது. சென்று சேர்வது மட்டுமே பயன் என்றால் இந்த எச்சரிக்கைக்கு இடமே இல்லை. திருநாவுக்கரசர் கயிலைக்குச் சென்ற வரலாற்றைப் பெரியபுராணம் சொல்லும் முறையில் இதற்கு ஒரு விளக்கம் உண்டு. கால்கள் தேய்ந்தபின் கையால் ஊன்றியும், கைகளும் ஓய்ந்தபின் மார்பால் நகர்ந்தும், பின்னர்ப் புரண்டும் சென்ற அவரை இறைவன் தடுத்து, அங்கிருந்த பொய்கையில் மூழ்கச் சொல்ல, அவர் திருவையாற்றுக் குளத்தில் எழுகிறார். இமயத்திலிருந்து காவிரிக்கரை வரை பயண நேரம் ஒன்றுமே இல்லை. ஆயினும் அந்த ஒன்றுமில்லாத நேரம், உடம்பு முழுவதும் தேய்ந்தபின் வந்து சேர்ந்தது. நடுவைக் கடந்து தீர்ந்தவர்க்கே நடு நீங்கியது.

ஜவ்வாது மலைக்குத் தெற்கே கண்ணுக்கெட்டும் தூரத்தில் நிற்கும் அண்ணாமலை பற்றி இரண்டு கூற்றுகள் அருகருகே வழங்குகின்றன. நினைத்தாலே முத்தி தரும் தலம் அது என்பது ஒன்று. அதன்படி தொலைவுக்கு அங்கே வேலையே இல்லை. அம்மலையைச் சுற்றி மூன்று யோசனை எல்லைக்குள் வாழ்பவர் தீட்சை இன்றியும் வீடு பெறுவர் என்று அருணாசல மான்மியம் கூறுவது மற்றொன்று. யோசனைக்கு அறிஞர் கொள்ளும் அளவு 8 முதல் 15 கி.மீ. வரை வேறுபடுவதால், சிறிய அளவைக் கொண்டால் அந்த எல்லை பருவதமலையை ஒட்டியே நின்றுவிடும். பெரிய அளவைக் கொண்டால் திருவண்ணாமலையிலிருந்து நேர்கோட்டில் சுமார் 45 கி.மீ. தொலைவில் ஜவ்வாது மலை மேலுள்ள ஜமுனாமரத்தூர் வரை எட்டும். அந்த ஊரார் எல்லைக்குள்ளா வெளியிலா என்று நிலஅளவையாளரை அழைத்துத் தீர்மானிக்க வேண்டும் என்று எந்தப் பக்தரும் எண்ணுவதில்லை. யோசனை இங்கே நீளத்தின் அலகாக மட்டும் நிற்கவில்லை. மலை கண்ணில் படும் வாழ்வு, மலையை நோக்கி நாளைத் தொடங்கும் வாழ்வு, அதன் எல்லை எதுவோ அதுவே மூன்று யோசனை என்று கொள்வதே மரபின் கருத்துக்குப் பொருந்தும்.

ஆனால் அருளுக்கு எல்லை இல்லாதிருக்கலாம், நச்சுமுறி மருந்துக்கு உண்டு. 2023 மே மாத இறுதியில், ஜவ்வாது மலைத்தொடரில், வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்து அல்லேரி மலையில், பாம்பு கடித்த ஒன்றரை வயதுக் குழந்தை உரிய நேரத்தில் மருத்துவமனைக்குச் சேர்க்க முடியாமல் இறந்தது. சாலை இல்லாததால் அவசர ஊர்தி வழியில் நின்றுவிட, பெற்ற தாய் உடலைக் கையில் ஏந்தி மலைப்பாதையில் நடந்தாள். வேலூரும் மலையும் வான்கோட்டில் அருகருகே இருப்பவை. தொலைவு என்பது இரு முனைகளுக்கு மட்டும் உரிய எண் என்று கொள்பவர்க்கு அந்தக் குழந்தையின் ஊர் நகரத்துக்கு அருகில் இருந்தது என்றே சொல்ல நேரும். அந்தச் சொல் பொய்யாகும் இடத்தில்தான் இந்தத் தத்துவக் கேள்வி நூல்களை விட்டு வெளியே வருகிறது. சேய்மை உண்டாவதற்கு அதை எண்ணும் அறிவு வேண்டும் என்று வைசேடிகர் சொன்னது இங்கே மிகவும் வலிக்கும் உண்மையாகிறது: அங்கே வாழ்பவர்கள் அந்தச் சேய்மையை ஒவ்வொரு நாளும் எண்ணிக்கொண்டிருந்தார்கள், எண்ணியிருக்க வேண்டிய மற்றவர்கள் எண்ணவில்லை.

தமிழ் இலக்கணத்தில் சுட்டெழுத்துகள் இரண்டல்ல, மூன்று. இகரம் அண்மையைச் சுட்டும், அகரம் சேய்மையைச் சுட்டும். தொல்காப்பியம் இவற்றோடு உகரத்தையும் சேர்த்துச் சொல்ல, உரைகாரர் அதனை இவ்விரண்டுக்கும் நடுவே உள்ளதைச் சுட்டுவதாக விளக்கினர். இது, உது, அது. யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'உது', 'உங்கை' என்று அது இன்றும் உயிரோடு இருக்கிறது. தமிழ்நாட்டு வழக்கிலிருந்து அது போய்விட்டது. சென்னையிலிருந்து எழுந்து சாளரத்தின் வழியே கீழே பார்ப்பவர் கண்ணில் இடப்புறமோ வலப்புறமோ பச்சை மடிப்புகளாகத் தென்பட்டு நகரும் ஜவ்வாது மலையை 'அது என்ன மலை' என்று கேட்கிறார். சாமைக் கொல்லையில் நிமிர்ந்து வானத்தின் ஓரத்தில் வெள்ளைக் கோடு இழுத்துச் செல்லும் விமானத்தைப் பார்ப்பவரும் அதை 'அது' என்றே சுட்டுகிறார்.